இரும்புச் சாவி எதற்கு?



போன செமஸ்டரில் ஒரு நாள் காலை நம்ம ஒர்க்‌ஷாப்பில் நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். முதலாமாண்டுத் தம்பி ஒருவன் வைஸில் இரும்புத் துண்டை மாட்டி அரம் போட்டுக்கொண்டிருந்தான். அப்படியே சரிந்து விழுந்தான். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை. உடனே என்ன செய்தோம்? "சாவி, சாவி!" என்று கத்தினோம். நாலு பக்கத்திலிருந்தும் பைக் சாவிகள் பறந்து வந்தன. ஒருவர் அரத்தையே அவன் கையில் திணித்தார். இன்னொருவர் பல் இடுக்கில் கர்ச்சீப்பைச் சொருகினார். இரண்டு நிமிஷத்தில் இழுப்பு நின்றது. "பாத்தியா, இரும்பு பட்டதும் நின்னுடுச்சு!"

நானும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றேன். எனக்கு உண்மை தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிஷத்தில் தானாகவே நின்றுவிடும். சாவியைத் தேடி எடுத்து, இறுக்கிய விரலைப் பிரித்து உள்ளே வைக்கவும் அதே நேரம்தான் ஆகும். ஆகவே நல்ல பேரை சாவி தட்டிக்கொண்டு போய்விடுகிறது. தலைமுறை தலைமுறையாக இப்படி ஓசியில் பேர் வாங்கிய பொருள் இரும்புச் சாவியைத் தவிர வேறு இருக்குமா தெரியவில்லை!

எங்கள் ஊர் ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிராமம். என் அக்காவுக்கு ஏழாம் வகுப்புப் படிக்கும்போது முதல் வலிப்பு வந்தது. பள்ளிக்கூடத்தில் பிரேயர் நடக்கும்போது விழுந்தாள். மறுநாள் "நல்லா ஆனப்புறம் அனுப்புங்க" என்றார்கள். எப்போது நல்லாகும், யாரிடம் காட்ட வேண்டும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. ஆயா, சாமி குத்தம் என்றது. பூசாரி வேப்பிலை அடித்தார். ஆட்டுக்குட்டி ஒன்று போனது, பிறகு சேவல் போனது. அக்கா மறுபடி பள்ளிக்கூடம் போகவே இல்லை. என் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் என்று என்னைச் சொல்கிறார்களே, அந்த இடம் அவளுடையது.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு நர்ஸம்மா விடாமல் சொல்லி, மலை இறங்கி வேலூர் போய் ஸ்கேன் எடுத்தோம். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து ஒரு சின்ன வெள்ளை வளையத்தைக் காட்டினார். மிளகு அளவுகூட இருக்காது. "இதான்மா உங்க பொண்ணைப் புடிச்ச பேய்" என்றார். அம்மாவுக்குப் புரியவில்லை. அன்று எனக்கும் புரியவில்லை.

நான் இ.இ.இ. மாணவன். எனக்குத் தெரிந்த பாஷையிலேயே சொல்லிப் பார்க்கிறேன். மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் மெல்லிய மின் துடிப்பில்தான் பக்கத்து செல்லோடு பேசுகிறது. ஒன்று பேசும்போது இன்னொன்று அடங்கியிருக்க வேண்டும். அந்த ஒழுங்கு இருப்பதால்தான் நாம் நடக்கிறோம், பேசுகிறோம், அரியர் எழுதுகிறோம். ஓரிடத்தில் ஒரு புண்ணோ தழும்போ வீக்கமோ வந்தால், அதைச் சுற்றியுள்ள செல்கள் அடங்க மறுத்து ஒரே நேரத்தில் துடிக்க ஆரம்பிக்கின்றன. அது பரவினால் உடம்பு முழுக்க இழுக்கிறது. வலிப்பு என்பது அவ்வளவுதான். இதில் பேயும் இல்லை, சாபமும் இல்லை. பைத்தியமும் இல்லை, தொற்றுநோயும் இல்லை. வலிப்பு வந்தவனின் நுரை பட்டால் நமக்கும் ஒட்டும் என்று ஹாஸ்டலில் நம்புகிற நண்பர்கள் கடைசி வார்த்தையை இரண்டு தரம் படிக்கவும்.

மூளைக்குக் கெடுதல் பல வழியில் வரும். சப்ளை நின்று வருவது பக்கவாதம். உடம்பு எடையில் நூற்றுக்கு 2 பங்குதான் மூளை, ஆனால் மூச்சில் இழுக்கும் ஆக்ஸிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கு வேண்டும். சேர்த்து வைக்க அதற்கு பேட்டரி கிடையாது. பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைத்தால் நிமிஷத்துக்கு 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன என்று 2006ல் ஓர் அமெரிக்க மருத்துவர் கணக்குப் போட்டார். இடது மூளை கெட்டால் வலது கை விழும், பேச்சும் போகலாம். அடைப்பைக் கரைக்க ஊசி இருக்கிறது. ஆனால் அதை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்பு, வந்தது அடைப்பா கசிவா என்று ஸ்கேன் பார்த்தாக வேண்டும். கசிவு இருக்கிறவருக்கு அந்த ஊசியைப் போட்டால் உயிருக்கே ஆபத்து. என் பெரியப்பாவுக்குக் காலையில் கஞ்சிக் குவளை கையிலிருந்து நழுவியது, வாய் கோணியது. புறா ரத்தம் தேய்த்துக்கொண்டே மூன்று நாள் வீட்டில் வைத்திருந்தோம். நாலரை மணி நேரம் எங்கே, மூன்று நாள் எங்கே!

அடுத்தது அடி. கொண்டை ஊசி வளைவில் ஒரே வண்டியில் மூன்று பேர் இறங்குவதை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள். தலையில் அடிபட்டவன் எழுந்து நின்று டீ குடித்துவிட்டு "ஒண்ணுமில்லடா" என்பான். மண்டைக்குள் ரத்தம் மெல்லக் கசிந்து, சில மணி நேரம் கழித்து வாந்தியும் தூக்கமும் வரும். அந்தத் தூக்கத்தைத் தூக்கம் என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. பணம் கட்டச் சொல்வார்கள் என்று பயந்து நண்பனைத் திண்ணையில் படுக்க வைக்காதீர்கள்.

மூன்றாவது, கிருமி. இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் மனிதர்களிடம் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது 1955ல், நம்ம வேலூரில்தான். நெல் வயல் தண்ணீரில் வளரும் கொசு அதைப் பரப்புகிறது. ஆனால் என் அக்காவின் தலையில் இருந்தது அது இல்லை. ஒரு புழுவின் குஞ்சு!

கதையைக் கேளுங்கள். பன்றி நாடாப்புழு என்று ஒன்று இருக்கிறது. சரியாக வேகாத பன்றிக்கறியில் சவ்வரிசி போன்ற கொப்புளங்கள் இருந்து, அதை நாம் தின்றால், குடலில் சில மீட்டர் நீளத்துக்குப் புழு வளரும். அந்த ஆளுக்குப் பெரிய தொந்தரவு எதுவும் தெரியாது. ஆனால் அவர் மலத்தோடு புழுவின் துண்டுகள் வெளியேறும். ஒரு துண்டில் சுமார் 50,000 முட்டைகள் வரை இருக்கும். அவர் காட்டோரம் ஒதுங்குகிறார். திரிகிற பன்றி அதைத் தின்கிறது. பன்றியின் சதையில் மறுபடி கொப்புளம் வருகிறது. இது ஒரு சுற்று.

இன்னொரு சுற்றுதான் கொடுமை. அந்த முட்டை பன்றியின் வாய்க்குப் போகாமல் மனிதர் வாய்க்கே வந்துவிட்டால்? கழுவாத கை, ஓடைத் தண்ணீர், பச்சையாகத் தின்கிற கீரை, காய் என்று எத்தனையோ வழி உண்டு. வயிற்றில் முட்டை உடைந்து, குஞ்சு குடல் சுவரைத் துளைத்து, ரத்தத்தில் ஏறி, தசைக்கோ கண்ணுக்கோ மூளைக்கோ போய் உட்கார்ந்துகொள்ளும். உயிரோடு இருக்கும்வரை அது தன்னை மறைத்துக்கொள்வதால் உடம்பு பெரும்பாலும் அதைக் கண்டுகொள்வதில்லை. வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். அது சாகத் தொடங்கும்போதுதான் உடம்பு விழித்துக்கொண்டு சண்டைக்குப் போகிறது. அந்தச் சண்டையின் வீக்கத்தில்தான் வலிப்பு வருகிறது. 1930களில் இந்தியாவில் வேலை பார்த்துத் திரும்பிய ஆங்கிலேயச் சிப்பாய்களுக்கு, ஊருக்குப் போய் வருஷங்கள் கழித்து வலிப்பு வந்தது. சிப்பாய்கள் இந்தியாவை விட்டுப் போனாலும் இந்தியா அவர்களை விடவில்லை போலும்! இந்த நோய்க்கு இவ்வளவு பொறுமை உண்டு என்பதை மருத்துவ உலகம் அவர்களிடம்தான் கற்றுக்கொண்டது.

ஹாஸ்டலில் இதைச் சொன்னபோது ஒரு நண்பர் சிரித்தார். "நாங்க சைவம்டா, எங்களுக்கென்ன? அதெல்லாம் உங்க மலைக்காரனுக்கு." நண்பரே, மன்னிக்க வேண்டும். கறி தின்றவனுக்கு வருவது குடல் புழு. மூளைக்குப் போவது முட்டை. முட்டை கையிலிருந்து வருகிறது. உங்கள் தட்டில் சாம்பார் ஊற்றுகிறவர் கை கழுவினாரா என்பதுதான் கேள்வி, நீங்கள் எந்தக் குலம் என்பது இல்லை. பன்றியே தின்னாத வீட்டிலும் இந்த நோய் வந்திருக்கிறது. ஆகவே பன்றிக்கறி தின்பவனைக் கேவலமாகப் பேசி இந்த நோயை ஒழித்துவிட முடியாது. கறியை நன்றாக வேக வைத்தால் போதும். பன்றிக்கு நம் மலத்தைத் தின்னக் கொடுத்துவிட்டுப் பழியை அதன் மேல் போடுவது என்ன நியாயம்?

எத்தனை பேருக்கு இது இருக்கிறது? வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் வேலூர் மாவட்டத்தில் 50,000க்கும் அதிகமானவர்களிடம் வீடு வீடாகப் போய் விசாரித்து, 2006ல் முடிவை வெளியிட்டார்கள். ஆயிரம் பேரில் ஏறத்தாழ 4 பேருக்கு வலிப்பு நோய் இருந்தது. அதில் சுமார் மூன்றில் ஒருவருக்குக் காரணம் இந்தப் புழுக் கொப்புளம். மூன்றில் ஒருவர்! அவர்களுக்கு அந்த நோய் வந்தே இருக்க வேண்டியதில்லை. உலகத்தில் தடுக்கக்கூடிய வலிப்புக்கு முக்கியக் காரணங்களில் இந்தப் புழுவும் ஒன்று என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

இந்தச் சின்ன வளையத்தைப் புரிந்துகொண்டதிலும் நம்ம பக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்று படித்தபோது பெருமையாக இருந்தது. ஸ்கேன் வந்த புதிதில் இந்த வெள்ளைப் புள்ளியைக் காசநோய்க் கட்டி என்றே பலர் நினைத்தார்கள். மாதக்கணக்கில் டி.பி. மாத்திரை விழுங்கியவர்கள் எத்தனையோ பேர். 1989ல் மேத்யூ சாண்டி, ராஜசேகர் முதலான வேலூர் மருத்துவர்கள் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். அந்தப் புள்ளியை எடுத்துச் சோதித்துப் பார்த்து, அது புழுக் கொப்புளம் என்று காட்டினார்கள். ஒற்றைப் புள்ளி பெரும்பாலும் சில மாதங்களில் தானே கரைந்துவிடும் என்பதும் தெரிந்தது. வலிப்பு மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொண்டு பொறுத்திருக்க வேண்டும். அக்காவுக்கு அப்படித்தான் நடந்தது. டாக்டர் சொன்ன நாள்வரை போட்டாள், டாக்டர் சொன்ன பிறகுதான் நிறுத்தினாள். அப்புறம் வரவே இல்லை. ஆட்டுக்குட்டி திரும்பி வராதது ஒன்றுதான் குறை.

மலைவாசிகளின் இன்னொரு கதையையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு அதைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை. 1970களின் தொடக்கத்தில் இந்தோனேசியாவின் மேற்கு நியூகினியில், பனியாய் ஏரிக்கரை மலைகளில், ஆஸ்பத்திரிக்குத் தீக்காயத்தோடு வருபவர்கள் திடீரென்று அதிகமானார்கள். குளிருக்குக் குடிசை நடுவில் நெருப்பு மூட்டி அதைச் சுற்றிப் படுக்கிற மக்கள் அவர்கள். தூக்கத்தில் வலிப்பு வந்து நெருப்பில் விழுந்திருக்கிறார்கள். அதற்குச் சில காலம் முன்புதான் வெளியிலிருந்து அன்பளிப்பாக வந்த பன்றிகளோடு இந்தப் புழு அந்த மலைக்கு வந்திருந்தது. எங்கள் மலையிலும் மார்கழியில் அடுப்பைச் சுற்றித்தான் படுப்போம். அக்கா எந்தப் பக்கம் படுக்கிறாள் என்று அம்மா இரவில் எழுந்து எழுந்து பார்ப்பாள். அது வெறும் பாசம் என்று நினைத்திருந்தேன்.

ஒழிக்க முடியுமா? முடியும். பெரு நாட்டின் வடக்கில் தும்பெஸ் என்ற பகுதியில் மனிதர்களுக்கு மாத்திரையும் பன்றிகளுக்கு மருந்தும் தடுப்பூசியும் கொடுத்தார்கள். 2016ல் வெளியான முடிவின்படி 107 கிராமங்களில் 105ல் பரவல் தென்படவில்லை. அவ்வளவு தூரம் ஏன்? எங்கள் ஜவ்வாது மலையிலேயே வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று மூன்று சுற்று நிக்ளோசமைட் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். குடலில் புழு உள்ளவர்கள் குறைந்தார்கள். அந்த மருந்தைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. அது குடலைத் தாண்டி ரத்தத்தில் அவ்வளவாக ஏறாது. மூளையில் உறங்குகிற கொப்புளத்தைத் தட்டி எழுப்பாமல் குடல் புழுவை மட்டும் முடிக்கும். அதனால்தான் சொல்கிறேன், யாரோ சொன்னார்கள் என்று கடையில் பூச்சி மருந்து வாங்கி வலிப்புக்காரருக்குக் கொடுக்காதீர்கள். கொப்புளங்கள் நிறைய இருந்தால் எல்லாம் ஒன்றாகச் செத்து மூளை வீங்கிவிடும். டாக்டர் ஸ்கேன் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மாத்திரை கொடுத்துவிட்டுப் போனால் போதுமா என்றால், போதாது என்பது என் கட்சி. காட்டோரம் ஒதுங்குகிற வரைக்கும் சுற்று மறுபடி தொடங்கும். கக்கூஸ் கட்டிக் கொடுத்துவிட்டோமே என்பார்கள். வாஸ்தவம், எங்கள் ஊரிலும் கட்டினார்கள். அதில் விறகு இருக்கிறது, ஒரு வீட்டில் ஆட்டுக்குட்டி இருக்கிறது. "இந்த ஜனங்க திருந்தாது" என்று பார்க்க வந்தவர் சொல்லிவிட்டுப் போனார். தண்ணீரை ஓடையிலிருந்து குடத்தில் தூக்கி வருகிற அம்மா, அந்தக் குடத்தைக் குடிக்க வைப்பாளா, கக்கூஸில் ஊற்றுவாளா? குழாய் வராத கக்கூஸுக்கு எங்கள் ஊரில் குடோன் என்று பெயர். முதலில் தண்ணீர் கொடுங்கள், அப்புறம் ஜனங்களைத் திருத்தலாம்.

இதில் ஒரு வேடிக்கை. எங்கள் மலையில்தான் காவலூர் வானோக்கு மையம் இருக்கிறது. 1986 முதல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எத்தனையோ கோடி மைலுக்கு அப்பால் உள்ளது தெரிகிறது. ஒரு பெண் பிள்ளையின் தலைக்குள் மிளகளவு என்ன இருக்கிறது என்று பார்க்க நாங்கள் மலை இறங்க வேண்டியிருந்தது. தொலைநோக்கி மேல் எனக்குக் கோபம் இல்லை. சின்ன வயதில் அந்த வெள்ளைக் கூண்டைப் பார்த்துத்தான் எனக்கு மெஷின் மேல் ஆசையே வந்தது.

சரி, நம்ம கல்லூரிக்கு வருவோம். அடுத்த முறை யாராவது விழுந்தால் சாவி வேண்டாம். பக்கத்தில் ஓடுகிற மெஷினை நிறுத்துங்கள், கூரான சாமான்களை நகர்த்துங்கள். தலைக்கடியில் மடித்த சட்டை ஒன்றை வையுங்கள். கையைக் காலை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், தண்ணீர்கூட. நாக்கை விழுங்கிவிடுவான் என்பது பொய். இழுப்பு அடங்கியதும் ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வையுங்கள், எச்சில் மூச்சுக்குழாய்க்குப் போகாது. ஒருவர் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். 5 நிமிஷம் தாண்டினாலோ, நினைவு வராமலே மறுபடி இழுத்தாலோ 108ஐக் கூப்பிடுங்கள். இதை எழுதி ஒர்க்‌ஷாப் சுவரில் மாட்ட மாணவர் பேரவை ஒரு போர்டு செய்யக் கூடாதா? ஆண்டு விழா பேனருக்கு ஆகிற செலவில் பத்தில் ஒரு பங்கு ஆகாது. மெஸ் கை கழுவும் இடத்தில் சோப்பு வைக்கச் சொல்லிப் போன வருஷம் மனு கொடுத்தோம். இந்த வருஷமும் கொடுத்திருக்கிறோம்.

எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது வேறு. அந்தத் தம்பி எழுந்து உட்கார்ந்தபோது சுற்றி ஐம்பது பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் பேன்ட் நனைந்திருந்தது. யாரும் திரும்பிக்கொள்ளவில்லை. அன்றிரவே அவன் ரூமில் இருந்தவர்கள் படுக்கையை வேறு ரூமுக்கு மாற்றிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் பெட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனவன் இன்னும் வரவில்லை. கல்யாணச் சட்டத்திலேயே வலிப்பைக் காரணம் காட்டித் திருமணத்தை ரத்து செய்ய இடம் தந்த வாசகம் 1999ல் நீக்கப்பட்டுவிட்டது. சட்டம் நீக்கியதை ஹாஸ்டலில் நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம். லேத்தில் நிற்பது அவனுக்கு ஆபத்து என்றால் சரி, டாக்டர் சொல்லும்வரை டிராயிங் ஹாலில் உட்காரட்டும். படிப்பை நிறுத்த அது காரணமா?

அட்டெண்டன்ஸில் அவன் நம்பரை இன்னும் கூப்பிடுகிறார்களாம். ஹாஸ்டலில் விசாரித்து ஊர் எது என்று தெரிந்துகொண்டேன். அவன் மலைக்காரன் இல்லை, கீழ்நாட்டுப் பையன். வரும் ஞாயிற்றுக்கிழமை நானும் என் ரூம் நண்பனும் போகிறோம். அக்காவிடம் அவளுடைய இரண்டு ஸ்கேன் படங்களையும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். முதலாவதில் வளையம் இருக்கிறது, இரண்டாவதில் இல்லை. "பையனோட அம்மாகிட்ட காட்டு, அவன்கிட்ட அப்புறம் காட்டலாம்" என்று சொல்லிக் கொடுத்தாள். பஸ் காலை 6 மணிக்கு. இன்னும் யாராவது வருவதாக இருந்தால் சனிக்கிழமை இரவுக்குள் சொல்லுங்கள்.